திருச்சுழியை யார் காட்டுவது?

மதுரையில் விடிந்ததும் கிளம்புகிற டூரிஸ்ட் கார், காரியாபட்டி, அருப்புக்கோட்டை வழியாகத் திருச்சுழி வந்து சேர ஒன்றரை மணி நேரம் போதும். பின்சீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் ரமண பக்தர்கள். திருவண்ணாமலையில் சில நாள் தங்கிவிட்டு, மகரிஷி பிறந்த வீட்டையும் பார்த்துவிட வேண்டும் என்று தனியாக வண்டி பேசிக்கொண்டு வருகிறவர்கள். வண்டி அந்த வீடான சுந்தர மந்திரத்தின் வாசலில் நிற்கும். உள்ளே சிறிது நேரம் தியானம், பிறகு திருமேனிநாதர் கோயிலில் ஒரு சுற்று, அங்கிருந்து மானாமதுரை. இருட்டுவதற்குள் மதுரை திரும்பிவிடலாம். வண்டி ஓட்டுகிறவரே வழிகாட்டி.

இந்தப் பயணத்தில் குறை என்று டிரைவரைச் சொல்ல முடியாது. கேட்ட இடத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிடுவது அவர் வேலை. அதைச் சரியாகவே செய்கிறார். ஆனால் வந்தவர்கள் ரமணர் வரலாற்றை அவரைவிட நன்றாகப் படித்தவர்கள். 1934-இல் வெளிவந்த பால் பிரண்டனின் ‘எ சர்ச் இன் சீக்ரெட் இந்தியா’ தொடங்கி எத்தனையோ நூல்கள் அவர்களுக்கு மனப்பாடம். படித்த கதையை இன்னொரு தடவை கேட்க அவர்கள் இத்தனை தூரம் வரத் தேவையில்லை. இந்த ஊரில் மட்டும் கிடைக்கிற ஒன்று அவர்களுக்குக் காட்டப்பட வேண்டும். அது தண்ணீர். வறண்ட சீமையில் தண்ணீரைக் காட்டுவதா என்று தோன்றலாம். திருச்சுழியின் புராணமும் கோயிலும் குளமும் கண்மாயும், ஒரு சிறுவனின் விளையாட்டும்கூட, தண்ணீரைச் சுற்றியே அமைந்தவை. அந்த வரிசையில் ஊரைக் காட்டுகிறவர்தான் திருச்சுழிக்குத் தேவையான வழிகாட்டி என்பது என் கருத்து.

முதலில் அந்த வீட்டைப் பற்றிச் சில செய்திகள். ரமணரின் தந்தை சுந்தரம் ஐயர் பன்னிரண்டு வயதில் கிராமக் கணக்கரிடம் மாதம் இரண்டு ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்து வேலையில் சேர்ந்தவர். பிறகு மனு எழுதிக் கொடுத்தார். அப்புறம் பட்டம் பெறாமலேயே உள்ளூர் மாஜிஸ்திரேட் கச்சேரியில் வாதாட அனுமதி பெற்று நல்ல வக்கீல் என்று பெயர் வாங்கினார். கோயிலுக்கு அருகிலேயே வீடு கட்டினார். அந்த வீட்டில் ஒரு பகுதியில் குடும்பம் இருந்தது. மற்றொரு பகுதி வந்துபோகிறவர்களுக்கு. திருச்சுழிக்குப் புதிதாக மாற்றலாகி வரும் அதிகாரி தனக்கென்று வீடு அமையும்வரை அங்கேதான் தங்குவார், சாப்பாடும் அங்கேதான். 1879 டிசம்பர் 30-ஆம் தேதி, ஆருத்ரா தரிசனத்தை ஒட்டிய நள்ளிரவில், பிற்காலத்தில் ரமணரான வேங்கடராமன் பிறந்தது இந்த வீட்டில்.

ஓட்டலும் லாட்ஜும் இல்லாத ஊரில், வெளியூர்க்காரருக்கு இடமும் இலையும் போட்ட வீடு அது. யாத்திரிகர் இன்று அங்கே கண்மூடி உட்கார்ந்திருக்கும் இடம் நூற்றுமுப்பது வருஷத்துக்கு முன்பும் பயணிகள் வந்து இறங்கிய இடம். இதை ஒருவர் வாசலில் நிறுத்தி வைத்துச் சொன்னால் வீட்டின் அளவே மாறித் தெரியும். ஒரு ஞானியின் பிறப்பிடம் என்கிற ஒற்றை வரிக்குள், ஒரு சின்னக் கச்சேரி ஊரின் உலகம் முழுவதும் இருக்கிறது: மனு எழுத வந்த சம்சாரி, வாய்தாவுக்கு வந்த வாதி, மாட்டுவண்டியில் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கும் தாசில் உத்தியோகஸ்தர். 1892 பிப்ரவரி 18-இல் சுந்தரம் ஐயர் இறந்ததும் அந்த உலகம் கலைந்தது. மூத்தவர் நாகசாமியும் வேங்கடராமனும் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டுக்குப் போனார்கள். சின்னவர்கள் இருவரும் தாய் அழகம்மாளோடு மானாமதுரையில் நெல்லையப்பய்யர் வீட்டுக்குப் போனார்கள். இன்றைய காரின் பாதையான மதுரை, திருச்சுழி, மானாமதுரை என்பது, தந்தையை இழந்த ஒரு குடும்பம் பிரிந்துபோன பாதை.

வீட்டிலிருந்து சில அடி நடந்தால் கோயில். பாண்டிய நாட்டின் பாடல் பெற்ற தலங்கள் பதினான்கில் ஒன்று இது. சுந்தரர் பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் இருக்கிறது. சுவாமி திருமேனிநாதர், பூமிநாதர் என்றும் பெயர். அம்பாள் துணைமாலை அம்மை, சகாயாம்பாள் என்பார்கள். ஊரின் பழங்கதை ஒரு பெருவெள்ளத்தில் தொடங்குகிறது. உலகை மூழ்கடிக்க வந்த வெள்ளத்தைச் சிவன் சூலத்தால் நிலத்தைக் குத்திச் சுழித்து உள்ளே இறங்க வைத்தார் என்பது அந்தக் கதை. சூலம் குத்திய இடம்தான் கோயில் முன்னால் இருக்கும் சூல தீர்த்தம்.

மழை பொய்த்தால் ஊரே வெளியூர் வேலைக்குக் கிளம்புகிற சீமையில் இப்படி ஒரு கதை பிறந்திருப்பதை நாம் நின்று யோசிக்க வேண்டும். பூம்புகாரில் கடல் கொண்ட கதை இருப்பது இயல்பு. இங்கே கடல் வெகு தொலைவில். ஆற்றில் வருஷத்தில் சில மாதமே தண்ணீர் ஓடும். அதனால்தானோ என்னவோ, வெள்ளம் ஊரை அழித்தது என்று கதை சொல்லவில்லை. வெள்ளம் நிலத்துக்குள் போய்ச் சேர்ந்தது என்று சொல்கிறது. கண்ணுக்கு எதிரே காய்ந்து கிடக்கும் பூமிக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது என்ற நம்பிக்கை, கிணறு வெட்டுகிற ஒவ்வொரு கரிசல்காட்டு விவசாயிக்கும் வேண்டியிருக்கிறது. தலபுராணத்தை இப்படி வாசிப்பது என் ஊகம்தான். ஆனால் குளக்கரையில் நின்று இதைச் சொன்னால் வெளியூர்க்காரர் யாரும் மறக்க மாட்டார்.

அந்தக் குளத்தைப் பற்றி ரமணரே பிற்காலத்தில் அன்பர்களிடம் சொன்ன செய்தி ஒன்று இருக்கிறது. மாசி மகத்துப் பௌர்ணமிக்கு முன் பத்து நாள் குளத்து நீர் தானாகவே படிப்படியாக ஏறும். பௌர்ணமி கழிந்ததும் அதேபோல் இறங்கும். சிறுவர்கள் படிகளில் நின்று, இன்று எத்தனை படி ஏறியிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது ஒரு விளையாட்டு. உலகம் முழுவதும் இருந்து ஆட்கள் தேடிவந்து உபதேசம் கேட்ட ஒருவர், வயதான காலத்தில் தன் ஊரைப் பற்றி நினைத்ததும் குளத்துப் படிகளைத்தான் சொன்னார். கோயிலுக்கு வரும் பயணிகள் அந்தக் குளத்தின் மேல்படியோடு திரும்பிவிடுகிறார்கள்.

தண்ணீரோடு சேர்ந்த இன்னொரு கதையும் உண்டு. வேங்கடராமனுக்கு ஆறு வயதிருக்கும். தந்தையின் பழைய வழக்குக் கட்டு ஒன்று கையில் கிடைக்க, அந்தக் காகிதங்களையெல்லாம் கப்பல் செய்து தண்ணீரில் விட்டுவிட்டான். வீடு திரும்பிய சுந்தரம் ஐயர் கோபத்தில், இவன் துணியை உருவிக் கோவணத்தோடு துரத்துங்கள் என்று சத்தம் போட்டார். பையன் அப்போதே காணாமல் போனான். தேடாத இடமில்லை. கடைசியில் பூஜைக்கு வந்த குருக்கள்தான் சகாயாம்பாள் சந்நிதியில், அம்மன் விக்கிரகத்துக்குப் பின்னால் அவன் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். வரலாற்று நூல்கள் இதைப் பின்னால் வரப்போகும் துறவுக்கு முன்னறிகுறியாகச் சொல்லும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, திட்டு வாங்கிய ஆறு வயதுப் பிள்ளைக்குப் போய் ஒளிந்துகொள்ள அந்தக் கோயில் அவ்வளவு பழகிய இடமாக இருந்தது என்பது. வீட்டுக்கும் சந்நிதிக்கும் உள்ள தூரத்தை நடந்து பார்த்தவர்களுக்கு அது உடனே புரியும். காரில் வாசலுக்கு வாசல் இறங்குகிறவர்களுக்குப் புரியாது.

ஊரை ஒட்டி ஓடுவது குண்டாறு. ரமணர் வரலாற்றில் கௌண்டின்ய நதி, பாபஹரி என்ற பெயர்களில் வருவது இதுதான். மேற்கே மலையடிவாரத்தில் தோன்றி, திருமங்கலம் வழியாக வந்து, திருச்சுழி, கமுதியைத் தொட்டுக்கொண்டு மன்னார் வளைகுடாவைச் சேர்கிற ஆறு. ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் தண்ணீரைப் பார்க்கலாம். மற்ற மாதங்களில் மணலும் சீமைக்கருவேலும்தான். 2021 பிப்ரவரியில் காவிரி, வைகை, குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியபோது இந்த ஆற்றின் பெயர் சென்னைப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் வந்தது. திருச்சுழிப் பாலத்தில் நிற்கிற பயணிக்கு அந்தச் செய்தியையும் சொல்ல வேண்டும். ஊர் பழைய கதையோடு நின்றுவிடவில்லை. இன்னும் தண்ணீருக்காகவே காத்திருக்கிறது.

ஆற்றைக் கடந்தால் பள்ளிமடம். ரமண யாத்திரை வண்டிகள் இங்கே நின்று பார்ப்பது அபூர்வம். நான் அதிகம் வருத்தப்படுவது இந்த இடத்துக்காகத்தான். இங்குள்ள காளைநாதர் கோயில், கல்வெட்டுகளில் திருச்சுழியல் பள்ளிப்படைச் சுந்தரபாண்டிய ஈச்சுவரம் என்று சொல்லப்படுகிறது. இறந்த பாண்டிய அரசனின் நினைவாக எழுந்த கோயில் அது. பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட, ‘சோழன் தலைகொண்ட’ என்று பட்டம் சூடிக்கொண்ட வீரபாண்டியன் காலத்துக் கல்வெட்டுகள் இங்கே இருக்கின்றன. கோயிலில் விளக்கெரிக்க ஆடுகளைக் கொடுத்த செய்திகள் அவற்றில் வருகின்றன.

ஆடு கொடுத்தால் விளக்கு எப்படி எரியும் என்று வெளிநாட்டுக்காரர் கேட்பார். நம் ஊர்ப் பிள்ளைகளும் கேட்பார்கள். ஒருவர் கோயிலுக்கு ஆடுகளைத் தானம் செய்கிறார். கோயில் அவற்றை ஓர் இடையர் பொறுப்பில் விடுகிறது. அவர் மந்தையை மேய்த்துக் குட்டி, பால், தயிர் எல்லாவற்றையும் அனுபவித்துக்கொள்ளலாம். பதிலுக்குத் தினமும் அளந்த அளவு நெய்யைக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும். கிழட்டு ஆடு செத்தால் குட்டி அதன் இடத்தை நிரப்பும். கணக்கில் ஆட்டின் எண்ணிக்கை குறையாது. அதனால்தான் கல்வெட்டுகள் இவற்றைச் சாவா மூவாப் பேராடு என்கின்றன. வயலும் வாய்க்காலும் உள்ள தஞ்சாவூர்ச் சீமையில் நெல்லும் நிலமும் தானமாகக் குவிந்தன. மேய்ச்சல் காடு பரந்த இந்தப் பக்கத்தில் ஆட்டு மந்தைதான் கையிலிருந்த முதல். இன்றைக்கும் திருச்சுழி, நரிக்குடி ரஸ்தாவில் கார் இரண்டு தடவையாவது கிடைக்கு விலகி நிற்க வேண்டியிருக்கும். கல்வெட்டைப் படித்துவிட்டு வெளியே வந்ததும் எதிரே ஆட்டுக்கிடை வருகிற ஊர் தமிழ்நாட்டில் எத்தனை மீதமிருக்கும்?

பள்ளிமடத்துக்கு இன்னொரு பெருமையும் ஊரார் சொல்வார்கள். சேரமான் பெருமாளோடு பாண்டிய நாட்டுத் தலங்களைத் தரிசித்து வந்த சுந்தரர், இராமேசுவரத்திலிருந்து திருச்சுழியல் வந்து ஒரு மடத்தில் தங்கினார் என்கிறது பெரியபுராணம். இரவில் கனவில் இளங்காளை வடிவில், கையில் பொற்செண்டோடு சிவன் தோன்றித் தாம் இருப்பது கானப்பேர் என்று சொல்லி மறைந்தார். விழித்ததும் சுந்தரர் கானப்பேருக்கு, இன்றைய காளையார்கோயிலுக்குப் புறப்பட்டார். அந்த மடம் இருந்த இடம் பள்ளிமடம் என்பது ஊர் வழக்கு. அடுத்த தலத்துக்கு வழி சொல்வதற்கு இறைவனே வந்தான் என்று நம்புகிற ஊரில், இன்றைக்கு வழி சொல்ல ஆள் இல்லை.

வழி சொன்னவர்களைப் பற்றிப் பேசும்போது வேங்கடராமன் திருவண்ணாமலை போன கதையைச் சொல்லாமல் விட முடியாது. மதுரையில் இருந்தபோது, 1895 நவம்பரில், திருச்சுழி நாட்களிலிருந்தே பழக்கமான முதிய உறவினர் ஒருவர் வந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று பையன் கேட்டான். அருணாசலத்திலிருந்து என்றார். அப்படி ஓர் இடம் இந்தப் பூமியில் இருக்கிறது, ரயிலில் போகக்கூட முடியும் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதை ஒட்டித்தான் சித்தப்பா இரவல் வாங்கி வைத்திருந்த பெரியபுராணம் அவன் கையில் கிடைத்தது. அவன் படித்த முதல் சமய நூல் அது. சொந்த ஊரும் அதில் வருகிறது.

1896 ஆகஸ்ட் 29-இல் மூன்று ரூபாயோடு கிளம்பினான். கையில் அகப்பட்டது ஒரு பழைய அட்லஸ். அதில் திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஸ்டேஷனாகத் தெரிந்தது திண்டிவனம். இரண்டு ரூபாய் பதிமூன்று அணாவுக்குத் திண்டிவனம் டிக்கெட் வாங்கிவிட்டான். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் புதிதாக ரயில் பாதை போட்டிருந்தது அட்லஸில் இல்லை. ரயில் பெட்டியில் இருந்த ஒரு மௌல்விதான் அதைச் சொன்னார். விழுப்புரத்தில் இறங்கி, மீதிக் காசுக்கு மாம்பழப்பட்டுவரை ரயிலில் போய், அரையணிநல்லூருக்கு நடந்தான். கீழூரில் கடுக்கனை அடகு வைத்து நான்கு ரூபாய் வாங்கினான். செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலையில் இறங்கினான். அதன்பிறகு 1950 ஏப்ரல் 14-இல் உடல் விடும்வரை அந்த ஊரை விட்டு நகரவில்லை. திருச்சுழிக்குத் திரும்பவும் இல்லை.

அச்சடித்த படம் காட்டாததை, அந்தப் பாதையில் போய்வருகிற ஒரு மனிதர் சொன்னார். வழிகாட்டி என்பவரின் பயன் இதைவிடத் தெளிவாக எங்கும் விளங்காது. கைப்பேசி வரைபடம் திருச்சுழிக்கு வழி காட்டும். குளத்தில் எந்த மாதம் படி ஏறும், ஆற்றில் எப்போது தண்ணீர் வரும் என்பதெல்லாம் அதில் வராது.

வெளியே பார்த்தால், இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிற ஊர்கள் இருக்கின்றன. பினாங்கின் ஜார்ஜ் டவுன், மலாக்காவோடு சேர்ந்து 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இராமநாதபுரத்துக் கடலோரத்து முஸ்லிம்கள் பல தலைமுறையாகப் போய் வந்து கடை வைத்த ஊர் அது. அங்கே ஒருவர் தனியாக வழிகாட்டி அமர்த்திக்கொண்டால், 1801-இல் காதர் முகைதீன் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலிலிருந்து, 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலுக்கு நடத்தியே கூட்டிப்போவார்கள். இடையில் மசாலா அரைக்கும் கடையும், பூக்கட்டும் திண்ணையும், சீனர்களின் குலமன்றமும் வரும். பார்க்க வேண்டியது இரண்டு கட்டடம் என்றாலும் பயணம் அந்த நடையில்தான் இருக்கிறது. மலேசியாவில் 1992-ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டப்படி உரிமம் இல்லாமல் யாரும் கட்டணம் வாங்கி வழிகாட்ட முடியாது. பயிற்சி, தேர்வு, கழுத்தில் அட்டை எல்லாம் உண்டு.

நம்மிடமும் சுற்றுலாத் துறை அட்டை பெற்ற வழிகாட்டிகள் மதுரையிலும் மாமல்லபுரத்திலும் தஞ்சாவூரிலும் இருக்கிறார்கள். பெரிய கோயில் இருக்கிற பெரிய ஊரோடு அது நின்றுவிடுகிறது. மதுரையிலிருந்து வழிகாட்டியை அழைத்து வந்தால் அவருக்குச் சிற்பம் தெரியும், அரசர் வரிசை தெரியும். கலுங்கு எது, மடை எது என்று தெரியாது. திருச்சுழிக்கு வேண்டியவர் இந்த ஊரிலேயே இருக்கிறார். கண்மாய்த் தண்ணீரைப் பாய்ச்சுகிற நீர்பாய்ச்சி குடும்பத்தில், அருப்புக்கோட்டைக் கல்லூரிகளில் வரலாறு படித்துவிட்டு வேலை தேடும் பெண்களிடத்தில், பள்ளிக்கூடத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடத்தில் அவரைத் தேட வேண்டும். பத்துப் பேருக்கு ஒரு பருவம் பயிற்சி கொடுத்தால் போதும். கல்வெட்டு படிக்கத் தொல்லியல் துறையிலிருந்து ஒருவர், நிலத்தடி நீரைப் பற்றிச் சொல்ல ஒருவர், ரமணர் வரலாற்றைப் பிழையில்லாமல் சொல்ல ஆசிரமத்து அன்பர் ஒருவர், பேச்சுக்கு ஆங்கிலமும் இந்தியும் கற்பிக்க ஒருவர். மாவட்ட நிர்வாகமும் கோயில் நிர்வாகமும் மனம் வைத்தால் நடக்கக்கூடிய காரியம்.

இதில் எனக்கு ஓர் அச்சமும் உண்டு. சுந்தர மந்திரத்துக்கு வருகிறவர்கள் பேச்சைத் தேடி வருவதில்லை. மௌனத்தைத் தேடி வருகிறார்கள். வாசலில் நாலு பேர் நின்று கைடு வேண்டுமா என்று கையைப் பிடித்து இழுக்கிற நிலை வந்துவிடக் கூடாது. பெரிய கோயில் ஊர்களில் நாம் பார்க்கிற தொல்லை அது. ஆகையால் வழிகாட்டி அந்த வீட்டுக்குள் வரவே வேண்டாம். அவருடைய இடம் குளக்கரை, ஆறு, பள்ளிமடம், கண்மாய். முன்கூட்டியே பேசிக்கொண்டு, கூலியையும் முதலிலேயே சொல்லி வைத்துவிட்டால் பேரத்துக்கு இடமிராது.

கண்மாயை நான் கடைசியில் சொல்வதால் அது குறைந்ததாகாது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் ஊருக்கு ஒரு கண்மாயாவது உண்டு. மேல் கண்மாய் நிரம்பிக் கலுங்கு பாய்ந்தால் அந்தத் தண்ணீர் கீழ்க் கண்மாய்க்குப் போகும். மடை திறக்க முறை உண்டு. யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று கணக்கு உண்டு. கண்மாய்ப் பாசனம் எட்டாத காடெல்லாம் மானாவாரி: பருத்தி, சோளம், மல்லி, மிளகாய். கிழக்கே கமுதிப் பக்கம் போகப் போக முண்டு மிளகாய். இராமநாதபுரம் முண்டு மிளகாய் என்று 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது அதுதான். விளையாத காட்டில் சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போடுகிறார்கள். விறகை ஆளுயரத்துக்குக் கூம்பாக அடுக்கி, வைக்கோல் பரப்பி, மண்ணால் மூடி மெழுகி, உச்சியில் தீ வைத்து, அங்கங்கே துவாரம் விட்டுக் காற்றை அளந்து கொடுப்பார்கள். காற்று கூடினால் சாம்பல், குறைந்தால் கொள்ளி. ராத்திரி முழுக்க ஒருவர் கண்விழித்துப் பார்த்தால்தான் கரி கிடைக்கும். சாலையோரத்தில் புகைகிற அந்தக் கூம்புகளைப் பார்த்து, குப்பை எரிகிறதா என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்ல ஆள் இருந்திருந்தால் இந்தச் சீமையின் பிழைப்பு முழுவதும் அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

நடைமுறைக்கு வந்தால், அரை நாள் போதும். மதுரையிலிருந்து ஐந்து மணிக்கே கிளம்பிவிட வேண்டும். மத்தியானம் கோயில் நடை சாத்திவிடுவார்கள். ஏழு மணிக்குள் சூல தீர்த்தக் கரை. படிகளில் இறங்கி உட்கார்ந்து வெள்ளத்தின் கதையும் மாசி மகத்துக் கதையும். பிறகு கோயில், அம்பாள் சந்நிதி. அங்கிருந்து நடந்தே சுந்தர மந்திரம். அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம், பேச்சில்லாமல். வெயில் ஏறுவதற்குள் ஆற்றைக் கடந்து பள்ளிமடத்துக் கல்வெட்டு. திரும்புகாலில் கண்மாய்க் கரையும், வழியில் அகப்பட்டால் ஒரு கரிமூட்டமும். நேரம் மிஞ்சினால் அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் கேட்கிற ஏதாவது ஒரு தெருவில் பத்து நிமிஷம். மாசியில் வருகிறவர்களிடம் மட்டும் ஒன்று சொல்லி வைக்கலாம்: பௌர்ணமிக்குப் பத்து நாள் முன்னதாக வந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் அந்தக் குளத்துப் படிகளை எண்ணிப் பாருங்கள்.